கருவியை வடிவமைப்பவரின் பொறுப்பும் தொழிலாளரின் உரிமையும்

(பூதிகோட்டையில் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

புதிய தொழில்நுட்பத்தை உருவாக்குகிறவர்களுக்கு உள்ள அறப்பொறுப்பு என்பது இன்றைய வகுப்பின் தலைப்பு. இது பெங்களூரில் கணினியின் முன் அமர்ந்திருப்பவர்களுக்கான பேச்சு, நமக்கு இதில் என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். நூறு நாள் வேலைக்குச் சென்றவர்கள், அங்கன்வாடியில் பணிபுரிகிறவர்கள், விடியும் முன்பே மாரிகுப்பம் ரயிலில் ஏறிப் பெங்களூர் சென்று இரவில் வீடு திரும்புகிறவர்கள் என்று பலதரப்பட்ட தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களில் பலருடைய வருகைப்பதிவும் கூலியும் இன்று ஏதோ ஒரு செயலியின் வழியாகவே முடிவாகின்றன. அந்தச் செயலி எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டியதில்லை, அது பிழை செய்தால் நட்டம் யார் தலையில் விழ வேண்டும் என்பதையெல்லாம் யாரோ சிலர் முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார்கள். அவர்கள் நம்மைக் கேட்டா தீர்மானித்தார்கள்? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு அறப்பொறுப்பைப் பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை.

கருவி நடுநிலையானதா?

நாம் கூடியிருக்கும் இந்த ஊரிலிருந்தே தொடங்குவோம். பூதிகோட்டை ஹைதர் அலி பிறந்த ஊர். இரும்புக் குழாயில் மருந்தை அடைத்துச் செலுத்தும் ராக்கெட்டுகளை ஹைதரும் திப்புவும் ஆங்கிலேயருக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள். 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கும்பெனிப் படை நிலைகுலைந்ததில் அந்த ராக்கெட்டுகளுக்கும் பங்கு உண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலேயர் அவற்றை அள்ளிச் சென்று இங்கிலாந்தின் உல்விச் படைக்கலச் சாலையில் ஆராய்ந்தனர். வில்லியம் காங்கிரீவ் அவற்றை மேம்படுத்தினார். 1807இல் அதே வகை ராக்கெட்டுகள் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தின் மேல் விழுந்து வீடுகளை எரித்தன. அந்நியப் படையை எதிர்க்க மைசூர்க் கொல்லர்கள் அடித்த இரும்புக் குழாய், சில ஆண்டுகளில் ஆக்கிரமிப்பாளனின் கருவியாகிவிட்டது.

இதை வைத்துச் சிலர் ஒரு வாதம் செய்வார்கள். கருவி நடுநிலையானது, அது யார் கையில் இருக்கிறது என்பதே முக்கியம், உருவாக்கியவனுக்குப் பொறுப்பில்லை என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. இயந்திரத்தையும், மூலதனம் அதைப் பயன்படுத்தும் முறையையும் பிரித்துப் பார்க்கத் தொழிலாளி வர்க்கம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று 'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்குகிறார். கொல்லன் அடித்த குழாய்க்காகக் கோபன்ஹேகன் தீயின் பழியை அவன் மேல் சுமத்த முடியாது.

ஆனால் அதே நூலில் மார்க்ஸ் தேனீயையும் கட்டடக் கலைஞனையும் ஒப்பிடுகிறார். மனிதன் ஒன்றைக் கட்டும் முன்பே அதைத் தன் மனத்தில் கட்டிவிடுகிறான் என்பதே அங்கு வேறுபாடு. அப்படி மனத்தில் கட்டும்போதே, வரைபடம் போடும்போதே, பிறகு வரப்போகும் அநீதியையும் சேர்த்துக் கட்டிவிட முடியும். அத்தகைய கருவி எவர் கைக்குப் போனாலும் அந்த அநீதியையே செய்யும். கருவி நடுநிலையானது என்னும் வாதம் மறைக்கும் மற்றொரு பாதி இதுதான். இதற்குச் சான்று தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் தங்கவயலே போதும்.

தங்கவயலின் வரைபடங்கள்

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் காலூன்றியது. அடுத்த நூற்றிருபது ஆண்டுகளில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அங்கே உருவாயிற்று. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் அது. 1902இல் காவிரியின் சிவனசமுத்திரத்தில் மின்சாரம் உற்பத்தி செய்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைய உலகின் மிக நீளமான மின்தடங்களில் அது ஒன்று. பொறியியல் சாதனை என்றால் இதற்கு மேல் என்ன வேண்டும்?

அதே தங்கவயலில் பாறையைத் துளைத்த இயந்திரத்திலிருந்து எழுந்த கல்தூசி தொழிலாளியின் நுரையீரலில் படிந்தது. 1940களில் மருத்துவர்கள் 7,653 சுரங்கத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 43 பேருக்கும் மேல் சிலிகோசிஸ் நோய் கண்டிருந்தது. பாறையை எவ்வளவு விரைவாகத் துளைக்கலாம் என்ற கணக்கில் தூசி எவர் மூச்சில் கலக்கும் என்பது ஒரு செலவாக ஏறவில்லை. கம்பெனியின் பேரேட்டில் வராத அந்தச் செலவைத் தொழிலாளி தன் ஆயுளால் கட்டினான்.

இதைவிடக் கொடியது தங்கவயலின் கழிப்பிடம். நூற்றைம்பது கிலோமீட்டர் தூரம் மின்சாரம் கொண்டுவரத் தெரிந்தவர்கள், பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் இறங்கத் தெரிந்தவர்கள், தொழிலாளர் குடியிருப்புகளில் கட்டியவை உலர் கழிப்பிடங்கள். தண்ணீர் கிடையாது, கழிவு போக வழி கிடையாது. ஒவ்வொரு நாளும் மனிதர் ஒருவர் வந்து, வாளியில் அள்ளி, சுமந்து சென்று கொட்ட வேண்டும். அந்த மனிதர் வருவார் என்ற உறுதி இல்லாமல் அப்படியொரு கழிப்பிடத்தை எந்தப் பொறியாளனும் வரைய முடியாது. அவர் எந்தச் சாதியிலிருந்து வருவார் என்பதும் வரைந்தவனுக்குத் தெரியும். செங்கல்லையும் சுண்ணாம்பையும் போலச் சாதியும் அந்தக் கட்டடத்தின் ஒரு பொருள். தாளில் மட்டும் அது எழுதப்படவில்லை.

சுரங்கம் 1956இல் அரசுடைமை ஆயிற்று. பிறகு மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாக மாறியது. உடைமை மாறியது, கழிப்பிடம் மாறவில்லை. இது நமக்கு ஒரு பாடம். உற்பத்திக் கருவிகளின் உடைமை மாற வேண்டும் என்று நாம் போராடுகிறோம், அது சரியே. ஆனால் வரைபடத்துக்குள் பதிந்த அநீதி, உடைமை மாறியதும் தானே உதிர்ந்து விடுவதில்லை.

அதை உரக்கக் கேட்டவர் பெஜவாடா வில்சன். 1966இல் தங்கவயலில், அந்த வேலையைச் செய்த குடும்பத்தில் பிறந்தவர். தம் தந்தையும் அண்ணனும் செய்த வேலை எத்தகையது என்பதை வளர்ந்த பிறகே அவர் முழுமையாக அறிந்தார். 1980களில் நிறுவனத்துக்குக் கடிதங்கள் எழுதினார். புகைப்படங்கள் எடுத்து வெளியுலகுக்குக் காட்டினார். மனிதர் மலம் அள்ளுவதையும் உலர் கழிப்பிடம் கட்டுவதையும் தடை செய்யும் சட்டம் 1993இல் வந்தது. அதன் பிறகே நிறுவனம் அந்தக் கழிப்பிடங்களை மாற்ற இணங்கியது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே உலர் கழிப்பிடக் கட்டுமானம் இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள். அள்ளச் சொன்னது மட்டும் குற்றமல்ல, அள்ளும்படியாகக் கட்டியதும் குற்றம் என்று இந்த நாட்டின் சட்டம் சொல்லிவிட்டது. வடிவமைப்பவரின் பொறுப்பைப் பற்றி இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டியதில்லை.

தோழர்களே, இங்கே சுயவிமர்சனமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தங்கவயல் செங்கொடி உயர்ந்து பறந்த மண். 1946இல் உரிமைக்காகப் போராடி உயிர்நீத்த தியாகிகளின் நினைவை இன்றும் நாம் ஏந்துகிறோம். அப்படிப்பட்ட ஊரில், அந்த வாளியைப் பற்றிய கேள்வியை விடாமல் எழுப்பியவர் அந்த வீட்டிலிருந்து வந்த ஓர் இளைஞர். கூலியையும் பஞ்சப்படியையும் பார்த்த நம் கண்கள், நம் கொல்லைப்புறத்துக் கழிப்பிடத்தின் வரைபடத்தையும் அதே கூர்மையோடு பார்த்திருக்க வேண்டும். இன்றைய செயலிகளின் விஷயத்தில் அந்தத் தவறு மறுபடி நேரக் கூடாது.

1930: ரேகைக்கு எதிராக ஒரு வேலைநிறுத்தம்

தங்கவயல் தொழிலாளிகள் கருவியின் அரசியலை அறியாதவர்கள் அல்லர். 1930இல் சுரங்க நிர்வாகங்கள் தொழிலாளர்களைப் புதிய முறையில் பதிவு செய்ய, அவர்களுடைய கைரேகையைக் கேட்டன. தொழிலாளர்கள் மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறத்தாழ மூன்று வாரங்கள் அந்தப் போராட்டம் நீடித்தது. அவர்களுக்கு அப்போது அங்கீகரிக்கப்பட்ட சங்கம் இல்லை. வடாற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் பிழைக்க வந்த, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த மக்கள் அவர்கள்.

ஒரு மைத்தடத்துக்கா மூன்று வாரப் பட்டினி என்று கேட்கலாம். அந்தத் தடத்தின் வரலாற்றைப் பார்த்தால் காரணம் விளங்கும். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குச் சரளை தரும் ஒப்பந்தக்காரர் பின்னால் மறுத்துப் பேசாதபடி அவருடைய உள்ளங்கைத் தடத்தை ஒப்பந்தத்தில் பதியச் செய்தார். நவீன ரேகைப் பதிவு அங்கிருந்து வளர்ந்தது. பிறகு அது குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கருவியாயிற்று. தமிழ்நாட்டு மக்கள் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பெயர் வைத்தார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் தங்கப் பூமியான டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் ரேகை பதிந்து சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, காந்தியின் தலைமையில் தமிழர்கள் பெருந்திரளாகச் சிறை சென்றார்கள். 1908இல் அந்தச் சான்றிதழ்கள் ஜோகன்னஸ்பர்க்கில் தீயிலிடப்பட்டன.

தங்கவயல் தொழிலாளிக்கு இந்த வரலாறு முழுவதும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. யாரிடம் ரேகை கேட்கிறார்கள், யாரிடம் கேட்பதில்லை என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கம்பெனியின் இயக்குநரிடம் எவரும் ரேகை கேட்கவில்லை. ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவர் இன்னொரு சுரங்கத்தில் வேறு பெயரில் நுழைந்து பிழைத்துக்கொள்ள முடியும். ரேகைப் பதிவேடு அந்த வழியை அடைத்துவிடும். அதாவது, முதலாளியின் கோபத்துக்கு ஆளான ஒருவனுக்கு வயல் முழுவதும் கதவு மூடப்படும். அதைப் புரிந்துகொள்ளக் கல்லூரிப் படிப்பு வேண்டியதில்லை.

தேய்ந்த விரல்

இப்போது நம் காலத்துக்கு வருவோம். ஆதார் திட்டத்தின் தொழில்நுட்பம் 2009க்குப் பிறகு இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தூரத்துப் பெங்களூரில் உருவாக்கப்பட்டது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றவர்களில் முதன்மையானவரும் பெங்களூர்க்காரரே; கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கூறியது அவருடைய வழக்கில்தான். ஆயினும் நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்று 2018இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது.

ரேஷன் கடையின் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விரலை வைத்தால் ரேகை பொருந்த வேண்டும். கல் உடைத்தவர், சித்தாள் வேலை செய்தவர், காலமெல்லாம் துணி வெளுத்தவர், இவர்களுடைய விரலில் ரேகை தேய்ந்து போயிருக்கும். உழைக்காத விரலையே அளவுகோலாகக் கொண்டு இயந்திரம் அமைக்கப்பட்டிருக்கிறது. உழைத்துத் தேய்ந்த விரல் அதன் கணக்கில் பிழை. அந்தப் பிழைக்கு இயந்திரம் தண்டனை பெறுவதில்லை; அரிசி இல்லாமல் திரும்புவது பாட்டிதான்.

2017இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. சோறு கேட்டபடியே மகள் இறந்தாள் என்றார் தாய். மலேரியா என்றது அரசு. எந்த நோயாயினும், அட்டையை நீக்கும் முன் அந்த வீட்டில் குழந்தை உண்டா, அடுப்பு எரிகிறதா என்று கேட்கும் ஒரு படி அந்த ஏற்பாட்டில் வைக்கப்படவில்லை. அப்படி ஒரு படி வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டியது அதை வடிவமைத்தவரின் கடமை.

ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணியிடங்களிலும் செயலி வழியே வருகைப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. ஒரு நாளில் இரண்டு முறை, இடக்குறிப்போடு தொழிலாளர்களைப் படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. சிக்னல் கிடைக்கவில்லை, படம் ஏறவில்லை என்றால், நாள் முழுவதும் மண் சுமந்திருந்தாலும் கூலி இல்லாமல் போனது. மோசடியைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். போலி வருகைப்பதிவு உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. அதைச் செய்கிறவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் விளைவு என்ன? தொடர்பே இல்லாத படங்களையும், படத்தையே மறுபடி படம் பிடித்தவற்றையும் ஏற்றுகிறார்கள் என்று 2025இல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. ஏய்க்கத் தெரிந்தவன் செயலியையும் ஏய்த்தான். உழைத்தவர் கூலியை இழந்தார்.

அங்கன்வாடித் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் வீட்டுக்குத் தரும் சத்துணவுக்கு 2025 ஜூலை முதல் முகப்பதிவு கட்டாயம். முகம் பொருந்தவில்லை என்றால், கடவுச்சொல் வந்த கைப்பேசி வெளியூரில் கணவரிடம் இருக்கிறது என்றால், தாயின் வசவை வாங்குவது அங்கன்வாடி ஊழியர். நாக்பூர், சண்டிகர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் இருப்பிடம் காட்டும் கைக்கடிகாரத்தைக் கட்டினார்கள். மலக்குழியில் மனிதரை இறக்காதிருக்கக் கருவி கேட்டவர்களுக்கு, அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கும் கருவி கிடைத்தது.

இவை எல்லாவற்றிலும் ஒரே அமைப்பைக் காண்கிறோம். கண்காணிப்பு மேலிருந்து கீழ்நோக்கிப் போகிறது. பிழையின் நட்டமும் அதே வழியில் கீழே இறங்குகிறது.

மனச்சாட்சி மட்டும் போதுமா?

சரி, வடிவமைக்கும் பொறியாளர்கள் நல்லவர்களாக இருந்தால் போதாதா? அவர்களுக்கு அறநெறி வகுப்பு நடத்தினால் தீராதா? பெரிய நிறுவனங்கள் இதைத்தான் சொல்கின்றன.

2018இல் கூகுள் நிறுவனம் அமெரிக்க ராணுவத்தின் டிரோன் படங்களை ஆராயும் மேவன் என்ற திட்டத்தில் ஈடுபட்டிருந்தது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். சிலர் வேலையைத் துறந்தார்கள். நிறுவனம் பின்வாங்கியது, ஆயுதங்களுக்காகச் செயற்கை நுண்ணறிவை உருவாக்க மாட்டோம் என்று கொள்கை வெளியிட்டது. 2025 பிப்ரவரியில் அந்த வாக்குறுதியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. ஊழியர்களின் கூட்டு எதிர்ப்பு நிறுவனத்தைப் பணிய வைத்தது. அந்த எதிர்ப்பு நிலையான அமைப்பாகத் திரளாதபோது, வாக்குறுதி வெறும் தாளாயிற்று.

மாறான அனுபவமும் உண்டு. 1976இல் பிரிட்டனின் லூகாஸ் விமானக் கருவி நிறுவனத்தில் ஆட்குறைப்பு அச்சுறுத்தல் வந்தபோது, தொழிற்சங்கப் பிரதிநிதிகள் பொறியாளர்களையும் பட்டறைத் தொழிலாளர்களையும் ஒன்றுசேர்த்து ஒரு மாற்றுத் திட்டம் தயாரித்தார்கள். ஆயுத உற்பத்திக்குப் பதிலாக மருத்துவக் கருவிகள், எரிபொருள் சிக்கனக் கருவிகள் என்று ஏறத்தாழ 150 பொருள்களை முன்வைத்தார்கள். நிர்வாகம் ஏற்கவில்லை. ஆனால் எதை உருவாக்குவது என்று தீர்மானிக்கும் அறிவு தொழிலாளிக்கு உண்டு என்பது நிறுவப்பட்டது.

நம் நாட்டிலும் சான்றுகள் இருக்கின்றன. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. ஆசிரியர்களே அதைத் தம் தேவைக்கேற்பத் திருத்தினார்கள். ராஜஸ்தானில் 2019இல் மக்கள் இயக்கங்களின் பங்கேற்போடு ஜன் சூச்னா என்ற இணையவாயில் தொடங்கப்பட்டது. எந்தக் கடைக்கு எவ்வளவு தானியம் வந்தது, எவருக்கு வழங்கப்பட்டது என்பதை எவரும் கேட்காமலே அரசு அதில் வெளியிட வேண்டும். அதே கணினி, அதே இணையம். பார்வை மட்டும் கீழிருந்து மேல்நோக்கி. ஆகவே நாம் தொழில்நுட்பத்தின் எதிரிகள் அல்லர். அது எந்தத் திசையில் பார்க்கிறது என்று கேட்கிறவர்கள்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவதாக, பணியிடத்துக்கோ ஊருக்கோ புதிய கருவி வரும்போது நம் கிளை நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். இது யாரைக் கண்காணிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது? இது பிழை செய்தால் நட்டம் யாருக்கு? கருவி ஒன்று சொல்லி, தொழிலாளி வேறொன்று சொன்னால் எவருடைய சொல் செல்லும்? இது ஒத்துவரவில்லை என்றால் மறுக்க வழி உண்டா? இந்தக் கேள்விகளைக் கிராம சபையிலும், சங்கத்தின் கோரிக்கை மனுவிலும் எழுத்தில் வைக்க வேண்டும். கருவி செயல்படாத நாளுக்கும் முழுக்கூலி, இயந்திரம் மறுத்தாலும் ரேஷன் என்பவை நம் உடனடிக் கோரிக்கைகள்.

இரண்டாவதாக, சட்டத்தில் கிடைத்த இடத்தைப் பயன்படுத்த வேண்டும். செயலி வழி வேலை செய்யும் தொழிலாளர்களுக்காகக் கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம், வேலையையும் ஊதியத்தையும் தீர்மானிக்கும் தானியங்கி முறைகளைப் பற்றித் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பெங்களூரில் உணவுப் பொட்டலம் சுமக்கும் தங்கவயல் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியச் செய்வது நம் வேலை.

மூன்றாவதாக, நம் வீட்டுப் பிள்ளைகள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சுரங்கத் தொழிலாளியின் பேரனும் பேத்தியும் இன்று மென்பொருள் எழுதுகிறார்கள், சோதிக்கிறார்கள், தரவு பதிகிறார்கள். பாட்டனுடைய ரேகையைக் கேட்ட பதிவேட்டின் புதிய வடிவத்தைப் பேரனே எழுத நேரலாம். அவரைக் குற்றவாளியாகப் பார்ப்பதில் பயனில்லை. அவரும் வேலைநீக்க அச்சத்தில் வாழும் தொழிலாளி. தனியாக நின்று மறுத்தால் அவர் வேலை போகும். சங்கமாக நின்று மறுத்தால் திட்டம் நிற்கும். கர்நாடகத்தில் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களுக்குக் கிட்டு என்ற சங்கம் இயங்குகிறது. உங்கள் பிள்ளையிடம் சம்பளத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். என்ன செய்கிறாய், அது யார் மேல் பாயும் என்று கேளுங்கள். சங்கத்தில் சேர்ந்துவிட்டாயா என்றும் கேளுங்கள்.

தோழர்களே, பூதிகோட்டை என்ற பெயருக்குச் சாம்பல் கோட்டை என்று பொருள் சொல்கிறார்கள். தங்கவயலிலும் சாம்பல் நிறத்தில் மேடுகள் நிற்கின்றன. தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண், மூன்று கோடி டன்னுக்கும் மேல். காற்றடித்தால் அந்தத் தூசி இன்றும் வீடுகளுக்குள் வருகிறது. தங்கம் எங்கே போக வேண்டும் என்று திட்டமிட்டவர்கள், மண் எங்கே போக வேண்டும் என்று திட்டமிடவில்லை. இப்போது அதே மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்துக்காக 13 மேடுகளையும் ஏலம் விடும் முயற்சி நடக்கிறது. மாநில அமைச்சரவை 2024இல் அதற்கு இசைவு தந்துவிட்டது. எந்த முறையில் தோண்டுவார்கள், தூசியை எப்படி அடக்குவார்கள், கழிவுநீர் எந்த ஏரிக்குப் போகும் என்று தீர்மானிக்கும் வரைபடம் இனிமேல்தான் வரையப்பட வேண்டும். இந்த முறை அந்த வரைபடத்தை, அது காகிதத்தில் இருக்கும்போதே, தங்கவயல் மக்களின் முன் விரித்துக் காட்ட வேண்டும் என்பது நம் கோரிக்கையாக இருக்கட்டும். 1930இல் சங்கம்கூட இல்லாதவர்கள் ஒரு பதிவேட்டை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார்கள். நமக்குச் சங்கமும் உண்டு, கட்சியும் உண்டு. கேட்காமல் இருக்க நமக்குக் காரணம் ஏதுமில்லை.